பாவாயி சேந்துன மூணு கொடம்

தலையை இந்தப் பக்கம் வெய்யி கண்ணு. காலைத் தூக்கிப் பெரியம்மா வவுத்து மேல போடாதே, நீ என்ன இன்னும் கைக்கொழந்தையா. உங்கம்மா பாத்திரத்தை வெச்சுட்டு வரட்டும், அதுக்குள்ள ஒரு கதை சொல்றேன். ஆனா ம் கொட்டோணும். ம் சத்தம் வரலைன்னா நானும் பாதியில நிறுத்திப்போட்டுக் கொறட்டை வுட்டுருவேன்.

ஒரு ஊர்ல ஒரு கெணறு இருந்துச்சு.

ராசாவா? ராசாவெல்லாம் இல்ல. ராசா வேணும்னா உங்கப்பன்கிட்டப் போயிக் கேளு. என்ற கதையில கெணறுதான். ஒரு ஊட்டுக்குப் பின்னால, பொடக்காணியில இருந்துச்சு. ஆழம்னா அப்படி ஒரு ஆழம். ஒரு கல்லைப் போட்டுட்டு, ஒரு வாய்ச் சோத்தை மென்னு முழுங்கி முடிச்சாத்தான் கீழ இருந்து "ளொடக்"னு சத்தம் வருமாமா.

ம். அப்படித்தான்.

அந்த ஊட்டுல நாச்சாயின்னு ஒரு மாமியா. பாவாயின்னு ஒரு மருமவ. நடுவுல சென்னியப்பன்னு ஒரு மவன். மவன் நல்லவந்தான், ஆனா ஆத்தா சொன்னாலும் "செரி"ம்பான், பொண்டாட்டி சொன்னாலும் "செரி"ம்பான். அப்படியாப்பட்ட ஆளு.

பாவாயிக்குத் தாயில்ல. அதனால தலைப் பிரசவம் மாமியா ஊட்டுலயே ஆச்சு. பொட்டப்புள்ள பொறந்துச்சு. உன்னாட்டம் சப்பை மூக்கு. சிரிக்காதே, மூக்கு சப்பையா இருந்தாத்தான் அழகு.

அப்பறம் கேளு. அந்த ஊட்டுல ஒரு வழக்கம். புள்ள பெத்தவ முப்பது நாளு ஊட்டுக்குள்ள வரக் கூடாது. பொறத்தால ஒரு ஓலைச் சாளை போட்டிருப்பாங்க, அதுலதான் தாயும் புள்ளையும் இருக்கோணும். முப்பதாம் நாளு தலைக்கு ஊத்திக்கிட்டு, கெணத்துக்கு மஞ்ச குங்குமம் வெச்சுக் கும்பிட்டு, அந்தக் கெணத்துலயே மூணு தடவை சேந்தி, மூணு கொடம் தண்ணி எடுத்து வெச்சாத்தான் வாசப்படி மிதிக்கலாம். பக்கத்து ஊட்டுக் கெணத்துல சேந்துனாச் சேத்தியில்ல.

முப்பதாம் நாளு வந்துச்சு. பாவாயி மஞ்ச வெச்சா, கும்பிட்டா, கொடத்தைக் கவுத்துல கட்டிக் கீழ வுட்டா. உருளை கீச்சு, கீச்சு, கீச்சுன்னு சுத்துது. கொடம் கீழ போயி... "சதக்".

ளொடக் இல்ல, சதக். மேல இழுத்துப் பாத்தா, கொடத்துக்குள்ள களியாட்டம் சேறு. சொட்டுத் தண்ணி இல்ல. வேனக்காலத்துல இருந்தே கலங்கலாத்தான் வந்துக்கிட்டு இருந்துச்சு. ஆனா பொழக்கத்துக்குத் தெருக் கெணத்துல சேந்திக்கிட்டாங்க, இதை ஆரும் எட்டிப் பாக்கல. இப்பப் பாத்தா கெணறு தூந்தே போச்சு.

நாச்சாயி என்ன சொன்னாத் தெரியுமா? "முப்பது வருசமா எனக்குத் தண்ணி குடுத்த கெணறு. இவ கால் வெச்ச நேரம், ரெண்டே வருசத்துல வாயை மூடிக்கிச்சு"ன்னா. மாமியா ஒடச்சா மண்கொடம், மருமவ ஒடச்சாப் பொன்கொடம்னு சும்மாவா சொன்னாங்க.

பாவாயி கேட்டா, "அத்தை, நான் வெளிய இருந்துக்கறேனுங்க. புள்ளையை மட்டுமாவது உள்ள படுக்க வெய்யிங்க."

"மூணு கொடம் சேந்தாம ஆரும் வாசப்படி மிதிக்கப்படாது."

கெட்டவளா? இரு, அவசரப்படாதே. கெட்டவ இல்ல கண்ணு, பயந்தவ. அவ தன்ற மொதப் புள்ளையப் பெத்தப்ப, அடைமழை. மழையில ஆரு சேந்தறதுன்னு அப்படியே புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துட்டா. அந்தப் புள்ள நெலைக்கல. காச்சல்ல போயிருச்சு. அதுக்கும் கெணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, காச்சல் என்ன கொடத்தை எண்ணிப் பாத்துட்டா வருது. ஆனா அவ மனசுல அது அப்படி ஒக்காந்துருச்சு. இந்தப் பேத்தியாவது நெலைக்கோணும்னுதான் அந்த வழக்கத்தை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. பயந்தவகிட்டப் பேசி ஜெயிக்க முடியாது சாமி. பல்லியைப் பாத்தா உங்கம்மா கட்டில் மேல ஏறி நிப்பாளே, எறக்க முடியுதா?

ம். முடியாதுல்ல.

அது ஐப்பசி மாசம். மேக்கால இருந்து மேகம் கறுகறுன்னு ஏறுது. சாளைக் கூரையில கை நொழையற ஓட்டை. புள்ளைக்கு வேற சளி. "லொக்கு, லொக்கு." பூனைக்குட்டி தும்முன மாதிரி ஒரு இருமல். பெருமழை வாறதுக்குள்ள கெணத்தைத் தூரு வாரி, மூணு கொடம் சேந்தி, தாயும் புள்ளையும் உள்ள வந்தாகோணும்.

சென்னியப்பன் எறங்கலாமேங்கறியா? பச்சப்புள்ளைக்காரன் கெணத்துல எறங்கக் கூடாதுன்னு இன்னொரு வழக்கம். வழக்கத்துக்கா பஞ்சம். அப்ப வெளிய ஆளைத் தேடுனாங்க.

மொதல்ல ஒரு பலசாலி வந்தான். காலைல ஆறு உருண்டை ராயிக்களி திங்கற ஆளு. மீசையை முறுக்கிக்கிட்டு, கவுத்தைப் புடிச்சுச் சர்ர்ருனு எறங்குனான். சதக், சதக், சதக். மம்பட்டி சும்மா பறக்குது. கூடையில சேத்தைக் கோபுரமாக் குமிச்சு வெச்சு, "இழுங்க"ன்னான். மேல இழுக்கற ஆளுகளுக்குக் கண்ணு பிதுங்குது. "அரைக்கூடை போதுமப்பா"ங்கறாங்க. "எனக்கா சொல்லித் தாறீங்க"ங்கறான்.

நாலாவது கூடை பாதிக் கெணறு வந்துச்சு. கவுறு "பட்டீர்". கூடை "தொபுக்கடீர்".

அவன் நின்ன எடத்துக்கு ஒரு சாண் தள்ளி வுழுந்துச்சு. அப்பறம் பாக்கோணுமே, அவன் எறங்குன வேகத்தை விட ஏறுன வேகம் எச்சு. மூஞ்சி பூராச் சேறு. மீசை எது, மூக்கு எதுன்னு தெரியல. "ஊட்டுல ஒரு சோலி இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டு, குடுத்த மோரைக்கூடக் குடிக்காமப் போயிட்டான். அந்தக் கூடைச் சேறும் திரும்பக் கெணத்துக்குள்ளயே.

அப்பறம் ரெண்டாவதா ஒரு கெட்டிக்காரன் வந்தான். "எறங்கறது முட்டாளு பண்ற வேலை. நூறு கொடம் தண்ணியை ஊத்துங்க, நான் கலக்கி வுடறேன், சேறு கரையும், சேந்திக் கொட்டிரலாம்"னான். தெருவே தண்ணி சொமந்துச்சு. இவன் மூங்கிலுக்கு மூங்கில் சேத்துக் கட்டி, மேல நின்னுக்கிட்டே கலக்குனான். கலக்குனான், கலக்குனான், கலக்கிக்கிட்டே இருந்தான். என்ன ஆச்சு? கெணறு நெறையக் கூழு ஆச்சு. பத்துக் கொடம் சேந்துனா பத்தும் கூழு. அடியில அழுகிக் கெடந்த எலை தழையெல்லாம் கெளம்பி ஒரு நாத்தம், கொடலைப் புடுங்கற நாத்தம். கெட்டிக்காரன் மூக்கைப் புடிச்சுக்கிட்டு "யோசிச்சுட்டு வாறேன்"ன்னு போனான். இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்.

ம்? முழிச்சிருக்கியா? செரி.

மூணாவதா ஒரு குறிகாரன் வந்தான். அவன் நெத்தியில சந்து பொந்தில்லாமத் திருநீறு அப்பியிருக்கும். ஒரு வெளக்கைப் பத்த வெச்சுக் கவுத்துல கட்டிக் கீழ வுட்டான். பாதி ஆழம் போச்சு, "பொசுக்". அணைஞ்சுபோச்சு. இன்னொருக்கா பத்த வெச்சு வுட்டான். "பொசுக்". மூணாவது வாட்டி, அப்பவும் "பொசுக்". குறிகாரனுக்கு ஒடம்பெல்லாம் ஆடுது. "உள்ள முனி இருக்குது. அதுதான் ஊதி அணைக்குது. இனி இந்தக் கெணத்தை ஆரும் தொடப்படாது, பலகைக் கல்லைப் போட்டு மூடிருங்க"ன்னுட்டான்.

கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையாப் போச்சு. நாலு பேரு கல்லைத் தூக்கறதுக்குப் போயிட்டாங்க. சென்னியப்பன் அதுக்கும் "செரி"ன்னான். மூடிட்டா? அப்பறம் எங்கிருந்து சேந்தறது, எப்ப உள்ள போறது? பாவாயி சாளைக்குள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. மழைத் துளி ஒண்ணு கூரை ஓட்டை வழியா வந்து புள்ள நெத்தியில வுழுந்துச்சு.

அவ்வளவுதான். எந்திரிச்சா. புள்ளையக் கொண்டாந்து நாச்சாயி கையில குடுத்தா.

"புடிங்க அத்தை. நான் எறங்கறேன். புள்ளைக்காரன் எறங்கக் கூடாதுன்னுதான் வழக்கம் இருக்குது. புள்ளைக்காரி எறங்கக் கூடாதுன்னு ஆரும் சொல்லலீங்களே."

சொல்லிப்போட்டுச் சீலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, ஒரு காலைத் தூக்கிக் கெணத்துச் செவுத்து மேல வெச்சுட்டா. புள்ள "லொக்கு"ன்னுச்சு. நாச்சாயி புள்ளையப் பாத்தா. மருமவளைப் பாத்தா. எட்டி முந்தானையைப் புடிச்சு ஒரே இழு.

"பால் குடுக்கற ஒடம்பை வெச்சுக்கிட்டு அந்தக் காத்துக்குள்ள போறியா நீ? உனக்கு ஒண்ணு ஆனா இது ஆரு மொகத்தைப் பாக்கும்? அக்கட்ட போ. நான் எறங்கறேன்."

எல்லாரும் வாயைப் பொளந்துட்டாங்க. அம்பது வயசு தாண்டுனவ. குறிகாரன் "ஆத்தா, முனி"ன்னான்.

"முனியுமில்ல சனியுமில்ல. எங்கப்பன் ஊரூராப் போயிக் கெணறு வெட்டுனவரு. வெளக்கு அணைஞ்சா, அங்க மூச்சுக்குக் காத்தில்லைன்னு அர்த்தம். அந்த வெங்கம்பய கலக்கி வுட்டதுல கெளம்புன கெட்ட காத்து. வேப்பங்கொத்து வெட்டிக்கிட்டு வாங்க, பெருசா."

வண்டிச் சக்கரம் ஒசரத்துக்கு ஒரு வேப்பங்கொத்து வந்துச்சு. அதைக் கவுத்துல கட்டி மேலயும் கீழயும், மேலயும் கீழயும், "வுஷ்... வுஷ்... வுஷ்". கெட்ட காத்து மேல வரோணும், நல்ல காத்து உள்ள போகோணும். அன்னிக்குப் பூராவும் வீசுனாங்க, ஊடால மேலாகக் கெடந்த கூழையும் கொடம் கொடமாச் சேந்திக் கொட்டுனாங்க. அடுத்த நாளு விடிஞ்சதும் வெளக்கை எறக்கிப் பாத்தாங்க. அடி வரைக்கும் போச்சு, அணையாம நின்னு எரிஞ்சுச்சு. அதுக்கப்பறந்தான் நாச்சாயி எறங்குனா. நீ இதைக் கேட்டுட்டு எங்கயாவது கெணத்தை எட்டிப் பாத்தே, காலை ஒடிச்சு அடுப்புல வெச்சுருவேன். ஆமா.

இடுப்புல ஒரு கவுறு, ஒக்கார ஒரு பலகை. கீச்சு, கீச்சு, கீச்சு. ஊரு சிரிச்சுதாங்கறியா? ஒருத்தரும் சிரிக்கல. எல்லாரும் கவுத்தைத்தான் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க.

கீழ போயி, "அரைக்கூடைக்கு மேல வெக்க மாட்டேன். கவுத்தைப் பாத்து இழுங்க"ன்னு கொரல் குடுத்தா. சதக்... சதக்... மெதுவாத்தான். கூடை மேல வரும், கொட்டுவாங்க, கீழ போகும். மொதல்ல எலை வந்துச்சு, ஓட்டாஞ்சல்லி வந்துச்சு, கறுப்புச் சேறு வந்துச்சு. அப்பறம் வந்த சேறு கறுப்பா இல்ல. வெளுப்பா, மாவாட்டம் இருந்துச்சு. கூடை கூடையா அதே. சென்னியப்பன் "இதென்னாத்தா, இந்தச் சேறு வெளுப்பா இருக்குது"ன்னு கேட்டான்.

நாச்சாயி மம்பட்டியைக் கீழ வெச்சா.

அவ அதை ஒரு கை அள்ளி, வெரல்ல வெச்சுத் தேச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா. அது சேறில்ல கண்ணு. சாம்பலு. நடுநடுவுல தேங்கா நாரு. நாச்சாயி தெனமும் கெணத்து மேட்டுலதான் ஒக்காந்து பாத்திரம் வெளக்குவா. தண்ணி பக்கத்துல, கைக்கு வாட்டம். அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேச்சு, அலசி அப்படியே ஊத்துவா. அந்தத் தண்ணி கல்லுச் சந்து வழியாக் கெணத்துக்குள்ளயே எறங்கியிருக்குது. தெனமும் ஒரு புடி. முப்பது வருசம். ஊத்துக்கண்ணையெல்லாம் அடைச்சுக்கிட்டு இடுப்பளவுக்குச் சாம்பலு.

மருமவ வெளக்குனதா இருக்குமோங்கறியா? அவளை எங்க வெளக்க வுட்டா. "உனக்கு வெளக்கத் தெரியாது, பளபளப்பு வராது"ன்னு ஒரு கரண்டி தொட வுட்டதில்ல.

இப்ப யோசிச்சுப் பாரு. கீழ அவ ஒருத்திதான். சத்தமில்லாம வாரி அனுப்பிச்சுட்டா ஆருக்குத் தெரியும்? உங்கப்பனா இருந்தா அப்படித்தான் பண்ணியிருப்பான். ஆனா நாச்சாயி தலையை நிமித்தி, "பாவாயி"ன்னு கூப்பிட்டா.

"என்னங்கத்தை?"

"இது பூராவும் என்ற சாம்பலு. முப்பது வருசமா நான் வெளக்கி ஊத்துனது. உன்ற கால் வெச்ச நேரமில்ல. நாந்தான்."

கெணத்துக்குள்ள பேசுனா சும்மாப் போகுமா. "நாந்தான், நாந்தான், நாந்தான்"ன்னு சுத்திச் சுத்தி மேல வந்துச்சு. தெருவே கேட்டுச்சு. பாவாயிக்கு அழுவாச்சி வந்துருச்சு. இத்தனை நாளா அந்தப் பேச்சை நெஞ்சுக்குள்ள சொமந்தவளாச்சே. என்னென்னமோ சொல்லோணும்னு இருந்துச்சு. ஆனா, "கூடையை இழுக்கறேனுங்க அத்தை"ன்னு மட்டும் சொன்னா.

ம்... கொட்டாவியா? இன்னும் கொஞ்சந்தான்.

பொழுது சாயற வரைக்கும் வாருனா. கையெல்லாம் கொப்புளம். கடைசிச் சாம்பலைச் சொரண்டுனா பாரு, அடியில "பொளக்". அக்கட்ட ஒரு "பொளக்". காலுக்குக் கீழ இன்னொரு "பொளக்". மூணு ஊத்துக்கண்ணும் தொறந்துக்கிச்சு. சில்லுன்னு தண்ணி. கணுக்கால், மொழங்கால், மடமடன்னு ஏறுது. மேல பாத்தா வானம் கறுத்துக் கும்முன்னு நிக்குது.

"ஆத்தா, மேல வா"ன்னு சென்னியப்பன் கத்தறான். நாச்சாயி கேக்கோணுமே. "மொதல்ல இவ மூணு கொடம் சேந்தட்டும். மழைக்கு முன்னால உள்ள போகோணும். கொடத்தை வுடு பாவாயி."

பாவாயி கொடத்தை வுட்டா. கீழ நாச்சாயி அதைத் தானே அமுக்கி ரொப்பிக் குடுத்தா. கீச்சு, கீச்சு, கீச்சு. தண்ணின்னா தண்ணி, மொகம் பாக்கற தண்ணி. "ஒண்ணு"ன்னு கீழ இருந்து எண்ணுனா. மறுக்கா கொடம் போச்சு. இப்பத் தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு. கீச்சு, கீச்சு, கீச்சு. "ரெண்டு"ன்னா. பல்லு கடகடன்னு அடிக்குது, கொரல் நடுங்குது. தண்ணி நெஞ்சுக்கு ஏறிருச்சு.

அப்பப் பாவாயி என்ன பண்ணுனா, கொடத்தை அவுத்து வெச்சுட்டு, பலகையைக் கட்டிக் கீழ வுட்டா.

"கொடம் எங்கடி?"

"கொடம் இல்லீங்க. பலகையில ஒக்காருங்க அத்தை."

"இன்னும் ஒண்ணு சேந்தோணும்."

"மூணாவதா உங்களைத்தான் சேந்தப் போறேன்."

"மனுசியைச் சேந்துனாச் சேத்தியாடி?"

"உங்க சீலையில மட்டும் ஒரு கொடம் தண்ணி இருக்குமுங்க. ஒக்காருங்க."

கீழ நாச்சாயி பலகையைப் புடிச்சு ஒக்காந்தா. அப்பறம் ஒரு சிரிப்பு. நாச்சாயி சிரிச்சு அந்த ஊட்டுல ஆரும் கேட்டதில்ல. கெணறே சிரிக்குதுன்னு நெனச்சு குறிகாரன் ஓடிப்போயிட்டான்.

முன்னால பாவாயி கை, பின்னால எட்டுப் பேரு கை. கீச்ச்சு... கீச்ச்சு... கீச்ச்சு. மேல வந்தா. தலைமுடியில சாம்பலு, சீலையில சேறு, ஒடம்பெல்லாம் சொட்டச் சொட்ட. கெணத்து மேட்டுல ஒக்காந்து மூச்சு வாங்குனா. அப்பறம் கொடத்தைப் பக்கத்துல இழுத்து வெச்சு, முந்தானையை அதுக்குள்ள புழிஞ்சா. சர்ர்ர்.

"மூணு"ன்னா.

அப்ப வந்துச்சு பாரு மழை, சோன்னு. பாவாயி புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா. வாசப்படி கிட்ட வந்து நின்னுக்கிட்டா. மாமியாளைத் திரும்பிப் பாத்தா. நாச்சாயி புள்ளையப் பாத்தா, வாசப்படியைப் பாத்தா. பழைய பயம் எங்க போகும். ஆனாலும் வந்தா. கையை நீட்டி, "குடு"ன்னா. அந்தச் சேத்துக் கையில பேத்தியை வாங்கி, மாரோட அணைச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, வாசப்படியை அவளே மொதல்ல மிதிச்சு உள்ள போனா. பின்னாலயே பாவாயி போனா. ரெண்டு பேரு காலுத் தடமும் ஊடு பூராவும் சேறு.

என்ன? கண்ணை மூடிக்கிட்டே கேக்கறே. அந்தப் புள்ள நெலைச்சுதாவா?

நெலைச்சுச்சு சாமி. நல்லா நெலைச்சுச்சு. பல்லு மொளைச்சு, நடை பழகி, ஊரையே ரெண்டு பண்ணி, அப்பத்தாளோட தெனமும் சண்டை போட்டுக்கிட்டு, நூறு வருசம் இருந்துச்சு.

கெணத்துல தண்ணி ஏறிருச்சு, கதையில தண்ணி வத்திருச்சு. கண்ணை மூடு கண்ணு, தூங்கு.